ஒருபோக வயலில் கரிமம் தங்குமா?

மண்ணிலுள்ள கரிமத்தை ஆண்டுக்கு 0.4 சதவீதம் உயர்த்தலாம் என்ற இலக்கோடு, 2015 பாரிஸ் பருவநிலை மாநாட்டில் பிரான்ஸ் ‘ஆயிரத்துக்கு நான்கு’ என்ற முயற்சியைத் தொடங்கியது. உலக மண்ணின் மேல் ஒரு மீட்டருக்குள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி டன் கரிமம் இருப்பதால், அந்தச் சிறு விகிதமே பெரிய அளவாகிவிடும். மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கம், ஆண்டுக்கு ஒரே முறை நெல் விளையும் ஒருபோக நிலங்களில் எனக்கு எழும் கேள்வியோ, இந்த வெயிலில் இட்டது எத்தனை நாள் தங்கும் என்பதுதான்.

தை, மாசியில் அறுவடை முடிந்தால், பெரியாறு கால்வாயில் மீண்டும் தண்ணீர் வரும்வரை வயல் வெறுந்தரையாகக் கிடக்கிறது. வைக்கோலை இயந்திரம் கட்டுக்கட்டாக அள்ளிப்போய்விடும். பிறகு கோடை உழவில் மண்ணைப் புரட்டப் புரட்ட, நுண்ணுயிர்கள் மிச்சமிருந்த மக்கையும் (மட்கிய கரிமப் பொருளையும்) வேகமாகத் தின்று கரியமில வாயுவாக்கிவிடுகின்றன. களையையும் கூட்டுப்புழுவையும் அழிப்பதால் அந்த உழவை அடியோடு விடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒரு சால் (ஒருமுறை உழுவது) போதும் என்பதே என் கட்சி.

அந்த இடைவெளிக்கு ஏற்றது கொழிஞ்சி என்ற பசுந்தாள் உரச் செடி. தோல் கடினமான அதன் விதையை மணலோடு சேர்த்துத் தேய்த்து, அறுவடை ஈரம் காய்வதற்குள் தூவிவிட்டால், ஆடு மாடு அவ்வளவாகத் தீண்டாமல், ஆழ வேர்விட்டு வறட்சியைத் தாங்கி நிற்கும். மடக்கி உழும் தழையைவிட வேர் விட்டுச்செல்லும் கரிமமே மண்ணில் நெடுநாள் தங்குகிறது. அது மக்காக நிலைக்க வேண்டிய தழைச்சத்தையும் (நைட்ரஜனையும்) கொழிஞ்சியே சேர்த்துத் தருகிறது. கரிமம் பற்றிக்கொள்வது களித்துகளில் என்பதால், களி குறைந்த எங்கள் செம்மண்ணுக்குக் கண்மாய்க் கரம்பையும் (களி மிகுந்த வண்டலையும்) அடிக்க வேண்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

தழையை மடக்கி உழுத கையோடு தண்ணீரைக் கட்டிவிட்டால், காற்றில்லாத சேற்றில் அது மீத்தேனாகக் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் அந்த வாயு கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 27 மடங்கு சூடேற்றக்கூடியது. ஆகவே தழையைச் சில நாள் மக்கவிட்டு நட்டு, பிறகு காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டு, நீர் வைப்பதே சரி.

ஓர் ஏக்கரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் 900 டன் இருக்கும். அதில் கரிமம் 0.1 சதவீதப் புள்ளி கூடினால் 900 கிலோ. கரியமில வாயுக் கணக்கில் 3.3 டன். அதற்கே பல ஆண்டுகள் ஆகும். சேர்த்ததைத் தொடர் உழவு சில பருவங்களில் கரைத்துவிடவும் கூடும். சேர்த்த கரிமத்தைக் கணக்கிட்டு விற்கக்கூடிய சான்றான கார்பன் கிரெடிட் தருவதாக வருவோரிடம், எந்த ஆழத்து மண்ணைச் சோதிப்பார்கள், எத்தனை ஆண்டு கட்டுப்பட வேண்டும், குத்தகைக்கு உழுபவருக்கு என்ன பங்கு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் கையெழுத்திட வேண்டாம்.