சாங்கியில் வழி சொல்வது

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் டிரான்சிட் பகுதியில், பயணிகள் சேவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கவுண்டரில் உட்கார்ந்திருப்பதை விட நடப்பதுதான் அதிகம். விமானம் வந்து நின்றதும் வாசலில் போய் நிற்க வேண்டும். அடுத்த விமானத்துக்கு மாறுகிறவர்களைப் பிரித்து அனுப்ப வேண்டும். உதவி வேண்டும் என்று முன்பே பதிவு செய்தவர்களைக் கையோடு கூட்டிப்போய் அடுத்த கேட்டில் விட வேண்டும். இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான், சரியாக வழி சொல்லத் தெரிய வேண்டும். விரலை நீட்டிக் காட்டினால் முடிந்துவிடும் காரியம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அப்படி முடிந்துவிடாது.

முதல் குழப்பம் முனையங்களின் (டெர்மினல்) எண்களிலேயே இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்பது கட்டித் திறந்த வரிசை. முனையம் 1 திறந்தது 1981-இல், முனையம் 2 1990-இல், முனையம் 3 2008-இல், முனையம் 4 2017-இல். தரையில் அவை இந்த வரிசையில் இல்லை. முனையம் 1 நடுவில் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 3. மூன்றும் சேர்ந்து ஆங்கில யூ எழுத்தைக் கவிழ்த்து வைத்த வடிவம். ஒன்றைத் தாண்டினால் இரண்டு, இரண்டைத் தாண்டினால் மூன்று என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டு நடப்பவர்கள் எதிர்த்திசையில் வெகுதூரம் போய்விட்டுத் திரும்பி வருவார்கள்.

ஆனால் கேட் எழுத்துகள் அப்படியில்லை. முனையம் 3-இல் ஏ, பி. முனையம் 1-இல் சி, டி. முனையம் 2-இல் இ, எஃப். யூவின் ஒரு முனையில் ஏ தொடங்கி, அப்படியே வளைந்து சுற்றி வந்து, மறுமுனையில் எஃப்-இல் முடிகிறது. பி-க்கும் சி-க்கும் முனையம் வேறு, ஆனாலும் அக்கம்பக்கம். டி-யும் இ-யும் அப்படித்தான். இது பிடிபட்டால் வரைபடம் இல்லாமலே திசை தெரியும். அதனால் யார் கேட்டாலும் முனையத்தின் எண்ணை விட்டுவிட்டு எழுத்தைத்தான் சொல்லுவேன். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கும் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

முனையம் 4 மட்டும் தனிக்கதை. ஜி எழுத்து. முன்பு மலிவுக் கட்டண விமானங்களுக்கான பட்ஜெட் டெர்மினல் இருந்த இடத்தில், மற்ற மூன்றிலிருந்தும் தள்ளி நிற்கிறது. மற்ற முனையங்களுக்கு இடையே ஓடும் சின்ன ரயிலான ஸ்கைடிரெயின் அங்கே போகாது, பஸ்தான். கேத்தே பசிபிக், ஏர்ஏஷியா போன்றவை அங்கிருந்து கிளம்புகின்றன. 'எல்லாம் ஒரே ஏர்போர்ட்தானே' என்ற நினைப்பில் கடைகளைச் சுற்றிவிட்டுக் கடைசி நேரத்தில் ஜி கேட்டைத் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, எழுத்து தெரிந்துவிட்டது. அடுத்தது திரை. பெரிய திரையில் தங்கள் விமானத்தைக் காணவில்லை என்று பதறி வருகிறவர்கள் நிறைய. காரணம், ஒரே விமானத்துக்குப் பல எண்கள் இருக்கும். இரண்டு மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஒரு விமானத்தில் இருக்கைகளை விற்கும்போது ஒவ்வொன்றும் தன் எண்ணைப் போட்டுக்கொள்ளும். திரையில் அந்த எண்கள் மாறி மாறி வரும். பதற்றத்தில் இருப்பவர் பார்க்கும் நொடியில் வேறு எண் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது நான் சொல்வது, எண்ணைத் தேடாதீர்கள், ஊர்ப் பெயரையும் புறப்படும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள் என்பதுதான்.

நேரம் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் பலர் கைக்கடிகாரத்தை மாற்றுவதில்லை. போனில் ரோமிங் போட்டிருக்க மாட்டார்கள், அதனால் சில சமயம் போனும் பழைய நேரத்தையே காட்டும். விமானம் காலை ஏழரைக்கு என்றால் கடிகாரம் ஐந்து மணி காட்டும்போதே அது கிளம்பிவிடும். அவர்களோ இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கிறது என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் வழி சொல்லத் தொடங்கும்முன் முதலில் பார்ப்பது அவர்கள் மணிக்கட்டைத்தான்.

இங்கே மாறிப் போகிறவர்களில் மகனையோ மகளையோ பார்க்க ஆஸ்திரேலியாவுக்குப் போகும் பெற்றோர் அதிகம். சென்னையில் இரவு ஏறி, விடியற்காலையில் இறங்குவார்கள். கையில் பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கும். அதற்குள் பாஸ்போர்ட், டிக்கெட்டின் அச்சுப் பிரதி, பிள்ளையின் போன் நம்பர் பெரிதாக எழுதிய தாள், 'இவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, தயவுசெய்து உதவுங்கள்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து கொடுத்த பிள்ளைகளும் உண்டு. எத்தனையோ பேர் கை பட்டு உறையின் ஓரம் நைந்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம், எழுதி அனுப்பிய பிள்ளை எங்கோ ஒரு ஊரில் தூங்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி நினைவிருக்கிறார்கள். எஃப் கேட்டில் இறங்கினார்கள், போக வேண்டியது பி கேட். உதவிக்குப் பதிவு செய்திருக்கவில்லை, எனக்கோ அடுத்த விமானம் வந்துகொண்டிருந்தது.

"கண்ணு, மருமக பிள்ளை பெத்திருக்கா, மெல்போர்ன் போறோம். எந்தப் பக்கம் போகணும்?" என்றார் அந்த அம்மா.

ஐயாவிடம் தாளை வாங்கிப் பின்பக்கம் பெரிதாக பி என்று எழுதி எண்ணையும் போட்டேன். எண் அவருக்குத் தெரிந்தது, எழுத்தில்தான் தடுமாறினார்.

"ஐயா, ஒரு கோடு, பக்கத்துல ரெண்டு தொப்பை. இந்த எழுத்தை எங்க பார்த்தாலும் அந்தப் பக்கம் போங்க" என்றேன்.

அவர் ஆள்காட்டி விரலால் அந்த எழுத்தின் மேல் மெதுவாக ஒருமுறை வரைந்து பார்த்தார். பிறகு மனைவியின் கையைப் பிடித்து அவர் விரலையும் அதன் மேல் வைத்து வரைய வைத்தார்.

"இப்ப மத்ததெல்லாம் யோசிக்க வேண்டாம்மா. அதோ அந்தக் கண்ணாடிக் கதவு தெரியுதா? அதுவரைக்கும் போங்க. கதவு திறந்தா சின்ன ரயில் நிக்கும், ஏறிக்குங்க. இறங்கற இடத்துல எங்க ஆள் நிப்பாங்க."

எதிர்ப்புறம் நின்ற சகப் பணியாளருக்குப் போன் செய்து, வெளிர்பச்சைச் சேலை, வெள்ளை வேட்டி என்று அடையாளம் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது.

கண்ணுக்குத் தெரிகிற அடுத்த இடம் வரைக்கும்தான் வழி சொல்ல வேண்டும். 'நேரா போய், ரெண்டாவது வலது, எஸ்கலேட்டர் ஏறி, ஸ்கைடிரெயின் பிடிச்சு, இறங்கி இடது' என்று மூச்சுவிடாமல் சொன்னால் கேட்பவர் மரியாதைக்காகத் தலையாட்டுவார். முதல் திருப்பத்திலேயே எல்லாம் மறந்துபோகும். தலையாட்டுவதை வைத்துப் புரிந்துவிட்டது என்று முடிவு செய்யவே கூடாது. சொன்னதை அவர் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும்.

இன்னொரு தடை, யாரும் தடையாக நினைக்காதது. நகரும் நடைபாதை. சேலை கட்டிய வயதான பெண்கள் அதன் விளிம்பில் வந்து நின்றுவிடுவார்கள். ஒரு கால் முன்னால் போகும், பின்வாங்கும். பின்னால் வருகிறவர்கள் பெட்டியோடு முட்டுவார்கள். கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, கைப்பிடியை முதலில் பற்றி, அப்புறம் காலை வைக்கச் சொன்னால் பலர் ஏறிவிடுவார்கள். முடியாது என்பவர்களை வற்புறுத்தக் கூடாது. பக்கத்திலேயே சாதாரணத் தரை இருக்கிறது, நடக்கட்டும்.

கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு அங்கே ஒன்று காத்திருக்கிறது. சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை ஒவ்வொரு கேட்டின் வாசலிலும் நடக்கிறது. நான்காவதில்தான் எல்லாருக்கும் பொதுவாக ஓரிடம். வழியில் நிரப்பிய தண்ணீர் பாட்டிலை கேட் வாசலில் கொட்ட வேண்டும். கைப்பையில் நெய்யும் மாங்காய் ஊறுகாயும் வைத்திருப்பவர்கள் முகம் வாடிப்போகும். பேரப்பிள்ளைக்கென்று வீட்டில் காய்ச்சிய நெய் அது. பல கேட்களின் உள்ளே கழிப்பறையும் இல்லை. அதனால் கழிப்பறைக்குப் போய்விட்டு உள்ளே போங்கள் என்று சொல்வதும் வழி சொல்வதில் ஒரு பகுதிதான். சொல்லக் கூச்சப்பட்டால் அவர்களுக்குத்தான் கஷ்டம்.

சக்கர நாற்காலி விஷயத்தை மனம் விட்டே எழுதுகிறேன். இந்தியாவிலிருந்து விமானம் வந்தால் வாசலில் நாற்காலிகள் வரிசையாக நிற்கும். நன்றாக நடக்கிறவர்களும் கேட்கிறார்கள், வரிசையில் நிற்காமல் போகத்தான் என்று பலர் கேலி பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. தள்ளிக்கொண்டு போகும்போது பேசிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்களுக்குக் கால் வலியை விட வழி தவறிவிடுமோ என்ற பயம்தான் பெரிது. நாற்காலியில் உட்கார்ந்தால் யாரோ ஒருவர் கடைசி வரை கூட வருவார், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. அதேசமயம் உண்மையிலேயே நடக்க முடியாத ஒருவர் நாற்காலி வரும்வரை காத்திருப்பதையும் பார்க்கிறேன். அது சரியில்லை. பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது, துணைக்கு ஆள் கேட்க நாற்காலிதான் வேண்டும் என்றில்லை. 'மீட் அண்ட் அசிஸ்ட்' என்று ஒரு சேவை இருக்கிறது. விமான நிறுவனங்களின் பதிவில் 'மாஸ்' என்று குறிப்பார்கள். நிறுவனத்துக்கு முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள், அப்பா அம்மாவுக்கு எந்த மொழி தெரியும் என்பதையும் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

காசு மிச்சம் பிடிக்க இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டு வயதானவர்களை அனுப்பாதீர்கள் என்றும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே டிக்கெட் என்றால் பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போகும். தனித்தனி என்றால் பெட்டியை எடுக்கக் குடிநுழைவுச் சோதனையை (இமிகிரேஷன்) தாண்டி வெளியே போக வேண்டி வரலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அதற்கு விசா பார்ப்பார்கள். அந்த இடத்தில் நிற்கும் பெரியவருக்கு எங்களால் செய்ய முடிவது மிகக் குறைவு.

கட்டடமும் மாறிக்கொண்டே இருக்கிறது. முனையம் 2 2020-இல் மூடப்பட்டு, கட்டம் கட்டமாகத் திறந்து, 2023 நவம்பரில்தான் முழுதாகச் செயல்படத் தொடங்கியது. பல வருடம் வந்து போனவர்களுக்கு அங்கே இருந்த, தகடுகள் சடசடவென்று புரளும் தகவல் பலகைதான் அடையாளம். அது 2020-லேயே போய்விட்டது. இப்போது வழியனுப்ப வருபவர்களிடம் புறப்பாட்டுக் கூடத்தில் இருக்கும் டிஜிட்டல் அருவியை அடையாளமாகச் சொல்கிறோம், முனையம் 1 என்றால் மேலே தொங்கி ஏறி இறங்கும் செம்பு நிறத் துளிகளை. எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்கும் அருவி தெரியும்.

முனையம் 5-இன் கட்டுமானம் 2025 மே மாதம் முறைப்படி தொடங்கிவிட்டது. 2030-களின் நடுப்பகுதியில் திறப்பார்கள். அதுவரை புதிதாகச் சேருகிறவர்களை, ஸ்கைடிரெயின் நிற்கும் பின்னிரவு நேரத்தில் ஏ-யிலிருந்து எஃப் வரை ஒருமுறை நடக்கச் சொல்கிறேன். எந்த இடத்தில் கால் வலிக்கிறது, எங்கே உட்கார இருக்கை இருக்கிறது, எந்தத் திருப்பத்தில் பலகை கண்ணில் படாமல் போகிறது, கழிப்பறை எங்கே என்று குறித்துக்கொண்டு வரச் சொல்வேன். அந்தக் குறிப்பை வைத்துத்தான் மறுநாள் அவர்களைக் கேட் வாசலில் நிறுத்துகிறேன்.