மிதந்த சொட்டு

1989-இல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. அதற்கு அடுத்த வருடம் வேலூர்ப் பக்கத்து மருத்துவமனை ஒன்றின் ரத்த வங்கியில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். வாசலில் இருந்த டீக்கடை பெஞ்சில் எப்போதும் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ரத்தம் விற்கிறவர்கள்.

அதில் ஒருவரை மறக்க முடியாது. மயில்துத்தக் கரைசலில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பார்ப்போம். பதினைந்து விநாடிக்குள் மூழ்கினால் ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறது, எடுக்கலாம். அவருடைய சொட்டு நீலத் தண்ணீரில் கொஞ்சம் இறங்கி, யோசித்து, மேலே வந்து நின்றது. குனிந்து பார்த்தவர், "இன்னா சார், போன வாரம் முழுகிச்சே?" என்றார். போன வாரமும் எங்கேயோ கொடுத்திருக்கிறார்! மூன்று மாதம் இடைவெளி வேண்டும்.

1992-இல் உலக வங்கிப் பணத்தில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ரத்தப் பாதுகாப்பும் அதில் ஒரு பகுதி. 'ஃபாரின் உதவி' என்றுதான் எல்லோரும் சொன்னோம். உண்மையில் அது கடன். சோதனை கிட்டுகள் ஒழுங்காக வர ஆரம்பித்தன. அப்புறம் ஒரு வெளிநாட்டுக் குளிர்பெட்டியும் எங்களுக்கு நன்கொடையாக வந்தது. ரத்தத்தை 2-லிருந்து 6 டிகிரிக்குள் வைக்க வேண்டும்; வேலூர் வெயிலில் அது லேசுப்பட்ட காரியமில்லை. பெட்டியின் நெற்றியில் வட்டமான தாள் ஒன்று சுற்றும், பேனா முள் அதில் வெப்பநிலையைக் கோடாகப் போட்டுக்கொண்டே போகும். வாரத்துக்கு ஒரு தாள். கூட வந்த கட்டு ஒரு வருடத்தில் தீர்ந்தது. அதே தாள் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. பெட்டி கொடுத்தவர்களுக்குத் தாள் ஞாபகம் வரவில்லை, எங்களுக்கும்தான் கேட்கத் தோன்றவில்லை. சரி என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதினோம். கரண்ட் போனால் அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. ராத்திரி டூட்டிக்கு வரும் அட்டெண்டர் அண்ணன் எழுதும் எண்கள்தான் எப்போதும் தெளிவாக இருக்கும்.

பெட்டியும் கிட்டும் வந்தாலும் டீக்கடை பெஞ்ச் காலியாகவில்லை. உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி முதல் ரத்தத்தை விலைக்கு வாங்குவதை நிறுத்திய பிறகுதான் காலியானது. எச்ஐவி தொற்றிய முதல் சில வாரங்களுக்குச் சோதனையில் ஒன்றும் தெரியாது. அந்த இடைவெளியில் கொடுப்பவர் உண்மையைச் சொன்னால்தான் உண்டு. காசுக்கு வந்தவர் எதற்குச் சொல்லப்போகிறார்?

அப்புறம் முகாம்களுக்கு அலைந்தோம், குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என்று. ஒரு கல்லூரி முகாம் முடிந்து சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். "சார், ஃப்ரெண்ட்ஸ் பாத்துக்கிட்டு இருந்தாங்க, அதனால குடுத்துட்டேன். என்னோடத யாருக்கும் போடாதீங்க." ஏன் என்று கேட்கவில்லை. பை எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, பிறகு வந்து சோதனை செய்துகொள்ளச் சொன்னேன்.

மறுநாள் எல்லாச் சோதனையும் நெகட்டிவ் என்றுதான் வந்தது. அன்று ஓ நெகட்டிவ் வேறு கையிருப்பில் இல்லை. அவனுடையது ஓ நெகட்டிவ். பையின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டு அழிக்க அனுப்பினேன்.