முள்ளை நம்பு

"நீங்கதானே சார் முள்ளை நம்புன்னு சொன்னீங்க?"

பயிற்சி விமானத்தின் இன்ஜினை அணைத்த பிறகு, பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் என் மாணவன் கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். நிஜமாகவே சந்தேகம் கேட்பது போலக் கேட்டான்.

சொன்னது நான்தான். முந்தின வாரம் ஃபைனலில், அதாவது தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில், வேகம் 65 நாட் இருக்க வேண்டிய இடத்தில் 48-க்கு விட்டுவிட்டான். இறக்கை தூக்குவிசையை இழக்கப்போகிறது என்று எச்சரிக்கும் ஸ்டால் வார்னிங் ஊளையிட்டது. கேட்டால் "ஃபீல் சரியாத்தான் இருந்துச்சு சார்" என்றான். "உடம்பு பொய் சொல்லும் தம்பி, முள் சொல்லாது. முள்ளை நம்பு" என்று வேகமானியைக் காட்டிக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவனுக்கு அன்று அது தேவைதான்.

இந்த முறை ஓடுபாதையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வேகமானி முள் அசையத் தொடங்கியதும் "ஏர்ஸ்பீடு அலைவ்" சொல்ல வேண்டும், சொன்னான், 55-ல் மூக்கைத் தூக்கினான். தரை விட்டதும் 74-ஐ நோக்கிப் போக வேண்டிய முள் 60, 57 என்று சரிந்தது. உடனே மூக்கைத் தாழ்த்தினான். முள் ஏறியது. இன்னும் தாழ்த்தினான், இன்னும் ஏறியது. கண்ணாடி முழுக்க ஓடுபாதை முனையின் வேலி.

உயரம் காட்டும் ஆல்டிமீட்டர், தரையில் காட்டிய உயரத்திலேயே நின்றிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கன்ட்ரோலை வாங்கினேன். மூக்கை வழக்கமான ஏற்றத்தில் வைத்து, கருவிகளுக்கு வேறு வழியாகக் காற்றழுத்தம் தரும் ஆல்டர்னேட் ஸ்டாட்டிக் குமிழை இழுத்தேன். ஆல்டிமீட்டர் ஒரு துள்ளு துள்ளியது.

முந்தின நாள் சாயங்காலம் விமானத்தைக் கழுவியிருந்தார்கள். வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் ஸ்டாட்டிக் துளையில் தண்ணீர். வேகமானி வேகத்தை நேராக அளப்பதில்லை. பிடோட் குழாயில் மோதும் காற்றின் அழுத்தத்திலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துக் காட்டுகிறது. 74 நாட்டில் அந்த வித்தியாசம் மொத்தமே ஏறக்குறைய 9 ஹெக்டோபாஸ்கல். 100 அடி ஏறினால் வெளியழுத்தம் மூன்றரை குறைந்துவிடும், அடைபட்ட துளைக்கு உள்ளே சிக்கிய தரைக்காற்றின் அழுத்தமோ அப்படியே இருக்கும். ஏற ஏற வேகம் குறைவது போலக் காட்டும், இறங்கினால் கூடுவது போல. அவன் செய்தது சரி என்று அந்த முள்ளே அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

1996-ல் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603 விமானத்தின் கதையை ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்கிறேன். கழுவும்போது ஸ்டாட்டிக் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்தார்கள், 70 பேர் செத்துப்போனார்கள். அதைச் சொல்லும் நான் அன்று காலை லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். விமானத்தைச் சுற்றிப் பார்த்தது அவன் மட்டும்தான். ஆனால் துளைக்கு உள்ளே நிற்கும் தண்ணீர் எனக்கு மட்டும் தெரிந்திருக்குமா?

"பவர், மூக்கு, முள், மூணையும் சேர்த்துப் பாக்கணும்" என்றேன் அவனிடம். தலையாட்டினான். சரியான பதில்தான், ஒரு வாரம் பிந்திய பதில். தொடக்க நிலைப் பையனிடம் "நம்பு, ஆனா முழுசா நம்பாதே" என்றால் எதைப் பிடித்துக்கொள்வான்? இப்போதும் 48-ல் வருகிறவனிடம் "முள்ளை நம்பு" என்றுதான் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டில் ஒரே வரி: ஸ்டாட்டிக் போர்ட்டில் தண்ணீர்.

அதில் எழுதாதது ஒன்று இருக்கிறது. அவன் முதல்முறை மூக்கைத் தாழ்த்தியபோது நான் "குட்" என்றேன் என்று நினைக்கிறேன். சத்தமாகச் சொன்னேனா, மனசுக்குள்ளா என்று தெரியவில்லை. அவனிடம் கேட்டால் தெரியும். கேட்கவில்லை.