பூநகரிக் கோட்டை

14 ஜூலை 2023, வெள்ளி

நாளைக்குக் கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிக் கோட்டை. பரந்தனால் திரும்பி மோட்டார் சைக்கிளில் போவதாக மச்சானும் நானும் பேசி முடித்தாயிற்று. ஏ32 வீதியால் யாழ்ப்பாணம் போகிறபோதெல்லாம் அந்தப் பக்கத்தைக் கடந்திருக்கிறேன், ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை. சோளகக் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது, விடியவே வெளிக்கிட வேண்டும்.

15 ஜூலை, சனி

யாழ்ப்பாணக் கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு போகக்கூடாது. இது சின்னது. சதுரம், ஒரு பக்கம் 30 மீற்றர் அளவில், எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளம். போர்த்துக்கேயர் கட்டியதை 1770 அளவில் ஒல்லாந்தர் பெருப்பித்தார்கள், பிறகு வெள்ளைக்காரன் 1805 இல் பயணிகள் தங்க வாடிவீடு ஒன்றும் கட்டினான்.

சுவர் எல்லாம் முருகைக்கல். ஓரிடத்தில் சாந்து கழன்று கல்லின் உட்பக்கம் அப்படியே தெரிந்தது, கிட்டப் போய்ப் பார்த்தால் நெருக்க நெருக்கமாக நட்சத்திரம் மாதிரிக் குழிகள், ஒருகாலத்தில் கடலுக்குள் உயிரோடு வளர்ந்த பொருள் என்று தொட்டுப் பார்த்தாலே விளங்குகிறது. சுண்ணாம்பு விரலில் மாவாக ஒட்டியது. சுவர்ப் பள்ளங்களில் மழை அரித்தது எது, சன்னம் பட்டது எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. 1993 நவம்பரில் ஆமிக்கும் புலிகளுக்கும் பெருஞ்சண்டை நடந்த மண் இது.

"இந்த வெட்டையில கொண்டுவந்து ஏன்டா கட்டினவங்கள்?" என்று மச்சான் கேட்டான். கடல்நீரேரிக்கு அந்தப் பக்கம் குடாநாடு, இந்தப் பக்கம் மன்னாருக்குப் போகிற வழி. இங்கே நிற்கிறவனின் கண்ணில் படாமல் அந்தக் கரைக்குப் போவது லேசில்லை. வந்த வந்த ஆட்கள் எல்லாரும் இதே இடத்தைப் பிடித்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது மொட்டைக்கறுப்பன் அரிசி வாங்கினோம். பூநகரிக்குப் போய்விட்டு அது இல்லாமல் வீட்டுக்கு வர ஏலாது.

17 ஜூலை, திங்கள்

பெரியம்மாவுக்குப் படங்களைக் காட்டினேன். கோட்டையை அவ பெரிதாகப் பார்க்கவில்லை, சண்டைக்காலத்தில் கிளாலியால் கடல்நீரேரியைத் தாண்டியதுதான் அவவுக்கு நினைவு வந்தது. "அங்க ஆமிக் காம்ப் வந்தாப் பிறகு சங்குப்பிட்டிப் பாதையும் இல்லை, ஆனையிறவும் பூட்டு. இரவில கிளாலியாலதான் தம்பி போட்டில போனது, வெளிச்சம் தெரிஞ்சா நேவி அடிப்பான்" என்றா. பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததால் இன்றைக்கு நாங்கள் பஸ்ஸில் நித்திரை கொண்டபடி தாண்டுகிற அதே கடல்.

எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா என்று அனுராதபுரம், கண்டி எல்லாம் கூட்டிப்போகிறார்கள், நல்லது. ஆனால் முதலில் பூநகரியில் இறக்கி இந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்க விடவேண்டும், அதோடு கிளாலிக் கதையையும் சொல்லவேண்டும். சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்தது மண்ணித்தலைச் சிவன் கோயில். பேராசிரியர் புஷ்பரட்ணம் பூநகரியில் செய்த ஆய்வுகளால்தான் அந்த இடிபாட்டைப் பற்றியே எனக்குத் தெரியும். வழி முழுக்க மணல் என்கிறார்கள், சோளகம் தணியட்டும், மச்சான் வராவிட்டாலும் நான் போவேன்.