ஏரிக்கு மேற்கே நடந்து பார்த்தோம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து தெருவில் நின்ற தண்ணீர் வடிந்தபோது, எங்கள் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு நின்றது. மழைநீர் மட்டும் புகுந்திருந்தால் அந்தக் கோடு செம்மண் நிறத்தில் இருந்திருக்கும். அது சாக்கடையின் கோடு என்பதைத் தேய்த்துக் கழுவிய எல்லோருமே நாற்றத்தால் அறிந்தோம். நான் அரசுப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். சென்னையில் ரெட்டேரிக்கு அருகே லட்சுமிபுரம் பக்கத்தில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். அந்தப் பொங்கல் முடிந்ததும் நாங்கள் பத்துப் பேர் கூடி, ஏரிக்கு வந்து சேரும் நீரின் தரத்தைச் சீர்செய்ய ஒரு திட்டத்தைக் குடியிருப்போரே எழுதிப் பகுதி சபையில் வைப்பது என்று முடிவு செய்தோம். எழுதி முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், எங்கே பிசகினோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பகுதி சபை என்பது பலருக்குப் புதிது. 2022-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகளின்படி தமிழகத்து மாநகராட்சிகளில் ஒவ்வொரு வார்டுக்கும் மாமன்ற உறுப்பினர் தலைமையில் ஒரு வார்டு குழுவும், அதன்கீழ் மக்கள் நேரில் வந்து பேசும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, சபைக் கூட்டங்கள் பல இடங்களில் நடந்தன. கிராம சபையைப் போலவே இங்கும் குறையைச் சொல்லலாம், தீர்மானம் கொண்டுவரலாம். ஆனால் தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்று சொல்வது எளிது. ஓர் ஏரியின் நீரைப் பற்றிப் பேச வேண்டுமானால் கையில் கணக்கு வேண்டும்.

எங்களிடம் அப்போது கணக்கு இல்லை. நாங்கள் முதலில் எழுதிய மனுவில் ஒரே ஒரு கோரிக்கைதான் இருந்தது: ஆகாயத்தாமரையை அகற்ற வேண்டும் என்பது. இயந்திரம் வந்து அகற்றவும் செய்தது. சில மாதங்களில் பச்சை மீண்டும் கரை முதல் கரை வரை மூடியது. கழிவுநீரில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அந்தச் செடிக்கு உரம். உரம் வந்துகொண்டிருக்கும் வரை செடியைப் பிடுங்குவதில் பயன் இல்லை. இதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். அப்படியிருந்தும் அந்த மனுவில் நானும் கையெழுத்திட்டேன் என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

அடுத்து வரைபடம். வார்டின் எல்லையைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டு, அதற்குள் இருக்கும் கால்வாய்களை நீல நிறத்தில் வரைந்து சுவரில் ஒட்டினோம். அதைப் பார்க்க வந்தவர்களில் எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி இருந்தார். ஒரு காலத்தில் இங்கே நெல் விளைந்தபோது நடவுக்குப் போனவர். வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “தண்ணி எங்கேருந்து வருதுன்னு போடவே இல்லையேம்மா? கொரட்டூர் கலங்கல் எங்க?” என்று கேட்டார்.

கலங்கல் என்பது ஏரி நிறைந்ததும் மிகைநீர் வழிந்தோடும் இடம். அவர் கேட்டது சரிதான். ரெட்டேரி தனி ஏரி அன்று. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் மிகைநீர் கொரட்டூர் ஏரிக்கும், அது நிறைந்தால் ரெட்டேரிக்கும் வருகிறது; ரெட்டேரியின் மிகைநீர் தணிகாசலம் நகர் கால்வாய் வழியே கொடுங்கையூர்ப் பக்கம் சென்று பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து எண்ணூர் கழிமுகத்தை அடைகிறது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை, கொரட்டூரில் நெருக்கமான குடியிருப்பு, எண்ணூரில் மீனவர் குப்பங்கள் என்று இத்தனை பேரும் ஒரே நீரின் மேலும் கீழும் இருக்கிறோம். நாங்கள் வரைந்த சிவப்புக் கோட்டுக்குள் இவற்றில் ஒரு துண்டுதான் அடங்கியிருந்தது. வரைபடத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வரத்துக்கால்வாயின் ஓரமாக மேற்கே நடந்தோம்.

நடந்து பார்த்தால்தான் தெரிகிற செய்திகள் உண்டு. ஓரிடத்தில் மழைநீர் வடிகாலின் சிமென்ட் சுவரைக் குடைந்து நாலங்குல பிவிசி குழாய் ஒன்றை நுழைத்திருந்தார்கள்; துளையைச் சுற்றிப் பூசிய சிமென்டில் கொத்தனாரின் விரல் தடம் அப்படியே பதிந்திருந்தது. காலை எட்டு மணிக்கு அதிலிருந்து சோப்பு நுரையோடு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுவிட்டு வந்தது. அது கோடைக்காலம், மழையே இல்லை. ஆனாலும் மழைநீர் வடிகால் ஓடிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட குழாய்களை எண்ணிக் குறித்துக்கொண்டே போனோம். ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் நடக்கும் வெள்ளத் தடுப்புத் திட்டத்தில் 588 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய வடிகால்கள் கட்டவும், அம்பத்தூர், கொரட்டூர் உள்ளிட்ட கால்வாய்களில் 11 கிலோமீட்டரைச் சீராக்கவும் வகுத்திருக்கிறார்கள். வெள்ளம் விரைவாக வடிவதற்கு அவை தேவைதான். ஆனால் வடிகாலில் சாக்கடையைத் திருப்பிவிட்டால், அது சாக்கடையையும் அதே விரைவில் ஏரிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். எங்கள் திட்டத்தின் முதல் பத்தியாக இதையே எழுதினோம்.

நீரைச் சோதிக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் சோதனைப் பெட்டி ஒன்றும், மலக்கிருமி இருக்கிறதா என்று காட்டும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பிகளும் வாங்கினோம். ஏரியின் ஆறு இடங்களில் காலை பத்தரை மணிக்கு எடுத்த முதல் அளவுகள் என்னைத் திகைக்க வைத்தன. ஆக்சிஜன் தாராளமாக இருந்தது. ‘ஏரி கெட்டுவிட்டது’ என்று நாங்கள் சொல்லி வந்ததை அந்த எண்கள் பொய்யாக்கின. கூட வந்த பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

ஏரியில் வலை போடும் அண்ணன் ஒருவர் கரையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “டீச்சரம்மா, வெயில் ஏறினப்புறம் வந்து பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். விடியறதுக்கு முன்னாடி வாங்க, மீனெல்லாம் வாயை மேல தூக்கினு நிக்கும்” என்றார்.

சுருக்கென்றது. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் அதே பாசியும் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் சேர்ந்து அதைத் தீர்த்துவிடுகின்றன. ஆகவே ஒரு நாளின் மிகக் குறைந்த அளவு சூரியன் உதிக்கும் முன்தான் கிடைக்கும். மறு வாரம் ஐந்தரை மணிக்குப் போனோம். அவர் சொன்னபடியே கெண்டைகள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. டார்ச் வெளிச்சத்தில் வரத்துக்கால்வாய் வாயில் குப்பியை நிரப்பி, மாங்கனஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு திரண்டு கீழே இறங்க வேண்டும். என் கையில் இருந்த குப்பியில் பால் திரிந்ததைப் போல வெள்ளையாக இறங்கியது. அந்த நீரில் ஆக்சிஜனே இல்லை என்று பொருள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் மீன் வாழத் தக்க ‘டி’ வகை நீருக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும். முப்பது ஆண்டுகள் ஆய்வகத்தில் அந்தச் சோதனையைச் செய்து காட்டியிருக்கிறேன். வெள்ளை வீழ்படிவை ஓர் ஏரிக்கரையில் நின்று பார்த்தது அன்றுதான். அந்த அண்ணனின் பெயரை அவர் சம்மதத்தோடு சோதனைக் குழுவில் சேர்த்தோம். அதன்பின் நேரம் குறிக்காத எந்த அளவையும் குறிப்பேட்டில் ஏற்பதில்லை.

கிருமிக் குப்பிகளை எங்கள் வீட்டுச் சமையலறைப் பரணில் வரிசையாக வைத்தேன். மலக்கிருமி இருந்தால் குப்பியில் உள்ள நீர் கறுக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றில் மட்டும் கொதிக்க வைத்து ஆறிய நீர். மறுநாள் மாலைக்குள் அதைத் தவிர மற்றவை எல்லாம் மை போலக் கறுத்துவிட்டன. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். அட்டவணையும் வரைபடமும் செய்யாததை அந்தக் கறுத்த குப்பிகள் செய்தன. அடுத்த கூட்டத்துக்கு ஆள் சேர்க்க நான் வீடு வீடாகப் போக வேண்டியிருக்கவில்லை.

கூட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும் பிழை அங்கேதான் நடந்தது. முதல் கூட்டத்தை அடுக்குமாடிக் குடியிருப்பின் மண்டபத்தில் ஞாயிறு காலை பதினோரு மணிக்கு வைத்தோம். வந்தவர்கள் எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள். வாடகைக்கு இருப்போர், மீன் பிடிப்போர், கால்வாய்க் கரையில் குடியிருப்போர், கழிவுநீர் லாரி ஓட்டுவோர் ஒருவர்கூட இல்லை. ஆனால் பேசியதெல்லாம் அவர்களைப் பற்றித்தான். அடுத்த கூட்டத்தை மாலை ஏழு மணிக்கு நியாய விலைக் கடைக்கு எதிரே, தெருவிலேயே நாற்காலி போட்டு நடத்தினோம். இரண்டு லாரி ஓட்டுநர்கள் வந்தார்கள். உரிமமும் ஜிபிஎஸ் கருவியும் கட்டாயமான பிறகும் சிலர் ஏன் இரவில் கால்வாயில் திறந்துவிடுகிறார்கள் என்று ஒருவர் நேராகக் கேட்டார். “கொட்டுற இடம் தூரம். போய் லைன்ல நின்னு திரும்பி வந்தா ஒரு நடை போச்சு, டீசலும் போச்சு. கிட்டத்துல ஒரு இடம் குடுங்க, எவன் ராத்திரில திருட்டுத்தனமா தொறப்பான்?” என்றார் ஓட்டுநர்களில் மூத்தவர். தவறைத் தவறு என்றே நான் சொல்வேன். ஆனால் அவர் வாய் திறக்கும் வரை எங்கள் திட்டத்தில் ‘அபராதம்’ என்ற சொல் மட்டுமே இருந்தது. அன்றுதான், பக்கத்து நீரேற்று நிலையத்தில் லாரிகள் கழிவை இறக்க வசதி வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது.

சாக்கடை இணைப்பு வாங்காத வீடுகளின் பேச்சு வந்தபோது ஒரு தங்கை, “இணைப்பு வாங்கினா மட்டும் அந்தக் கழிவு எங்க போவும்? அதுவும் ஆத்துக்குத்தானே?” என்று கேட்டார். நல்ல கேள்வி. கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்தில் 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வரை சுத்திகரித்து மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு இருப்பதையும், அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மிச்சப்படுவதையும் விளக்கினேன். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு அது புரிந்தது. ஆனாலும் இணைப்புக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்ட முடியாது என்றார்கள். தவணை முறை வேண்டும் என்பது திட்டத்தில் ஏறியது. குழாய் செருகிய வீடுகளின் பட்டியலை ஒட்ட வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் வற்புறுத்தினார்கள். நான் மறுத்தேன், மூன்று மாத அவகாசம் கொடுத்து நேரில் பேசுவோம் என்றேன். பாதிப்பேர் திருத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் அவகாசத்தை அனுபவித்துவிட்டு அப்படியே இருக்கிறார்கள். நான் எடுத்த முடிவு சரியா என்று இன்றும் யோசிக்கிறேன்.

அலுவலகங்களில்தான் அதிக நாள் கழிந்தது. ஏரி நீர்வளத்துறைக்கு, மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு, சாக்கடை குடிநீர் வாரியத்துக்கு, ஆலைக் கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. இவற்றுள் எதையும் குறை சொல்ல நான் வரவில்லை. நான்கு கைகளில் ஒரு நீர் இருக்கிறது என்பதை மனு எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். ஓர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தோம். முப்பதாவது நாள், ‘இது எங்கள் வரம்பில் இல்லை’ என்ற ஒரு வரிப் பதில் வந்தது. வரம்பில் இல்லையென்றால் உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளில் அனுப்ப வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. அதைச் சுட்டி முதல் மேல்முறையீடு செய்தபின் தாள்கள் வந்தன. மனுவை நாளும் நேரமும் குறித்த படங்களோடு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

திட்டம் முடிந்துவிட்டதென்று நினைத்திருந்த வேளையில் எண்ணூருக்குப் போனோம். கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள் சிலரோடு பேசினோம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் படகிலும் வலையிலும் தோலிலும் ஒட்டிய கதையைச் சொன்னார்கள். எங்கள் திட்டத்தை வாசித்துக் காட்டினோம். ‘மழைக்கு முன் கால்வாய்ச் சேற்றைக் கலக்கி நீரோட்டத்தில் தள்ளுதல்’ என்ற வரி வந்ததும் ஓர் அக்கா நிறுத்தச் சொன்னார். “நீங்க தள்ளுறது எங்க வந்து நிக்கும்னு நினைச்சீங்க? இங்கதான்” என்று தன் காலடியைக் காட்டினார். வடகிழக்குப் பருவமழைக்கு முன் சேற்றை வாரி லாரியில் ஏற்றி அப்புறப்படுத்த வேண்டும், நீரில் தள்ளக் கூடாது என்று அன்றே திருத்தினோம். கொரட்டூர்வாசிகள் மேலே, எண்ணூர்க்காரர்கள் கீழே என்று கையெழுத்துகள் சேர்ந்தபோதுதான் அது ஓர் ஏரியின் திட்டமாக இல்லாமல் நீர்ப்பிடிப்பின் திட்டமாயிற்று.

பகுதி சபையில் இரண்டு கோரிக்கைகள் தீர்மானமாயின: வடிகாலில் செருகிய குழாய்களைக் கூட்டாக ஆய்வு செய்வது, லாரிக் கழிவை அருகிலேயே இறக்க இடம் கேட்டு எழுதுவது. கட்டணத் தவணை நிலுவையில் இருக்கிறது. ஆலைக் கழிவுக்கான தொடர் கண்காணிப்புக் கருவி பற்றிய கோரிக்கை வேறு அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அதற்கு நினைவூட்டல் அனுப்பிவிட்டோம். குறிப்பேட்டில் விடியற்கால அளவுகள் தொடர்கின்றன. மாதத்தின் முதல் ஞாயிறு கொரட்டூர்ப் பெண் ஒருவர் முதல் பேருந்தில் தன் பக்கத்து நீரைப் பாட்டிலில் நிரப்பி, பனிக்கட்டி வைத்த பையில் எடுத்துவருகிறார். ஆக்சிஜனை அவர் கலங்கல் அருகிலேயே அளந்து, நேரத்தோடு சேர்த்துப் பாட்டிலின் மேல் எழுதிவிடுகிறார். வலை போடும் அண்ணன் டார்ச் பிடிக்கிறார், நான் துளிகளை எண்ணுகிறேன்.