பஞ்சாலை வெல்ஃபேர் ஆபீசர், ஸ்கார்பரோ மாணவி

எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு, கோயம்புத்தூர் பக்கம் ஒரு பஞ்சாலையில் வெல்ஃபேர் ஆபீசராகப் பத்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் நான். பி.எஃப்., இ.எஸ்.ஐ., தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தை, ஹாஸ்டல் பெண்களின் அப்பா அம்மாவுக்குப் போனில் சமாதானம் சொல்வது எல்லாம் பார்த்தாயிற்று. அப்புறம் குடும்பத்தோடு பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை கிடைத்து கனடா வந்து, டொராண்டோவின் ஸ்கார்பரோவில் மறுபடியும் ஒரு கல்லூரியில் சேர்ந்து ஹியூமன் ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட், அதாவது எச்.ஆர்., படித்தேன். “செஞ்ச வேலையவே காசு கட்டிப் படிக்கணுமாக்கும்?” என்று மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதான்.

படிக்காமல் வேலை தேடிப் பார்க்காமல் இல்லை. விண்ணப்பம் போட்ட இடங்களில் பாதி பதிலே இல்லை, மீதியில் ‘கனடிய அனுபவம்’ இருக்கிறதா என்ற கேள்வி. இதைத் தகுதியாகக் கேட்பது பெரும்பாலும் பாரபட்சமே என்று ஒன்டாரியோ மாகாண மனித உரிமை ஆணையம் 2013இலேயே கொள்கை அறிக்கை வெளியிட்டிருந்தது என்பது எனக்கு வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் கேட்கக் கூடாது, சம்பளம் எவ்வளவு என்பதையும் போட வேண்டும் என்று 2026 ஜனவரி 1 முதல் சட்டமே வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் விளம்பரத்தில் எழுதாததை ஆள் எடுப்பவர் மனதில் வைத்துக்கொள்ள மாட்டாரா என்ன? பத்து வருஷம் ஆள் எடுத்தவள் கேட்கிறேன்.

இங்கே எச்.ஆர். வேலைக்கு உரிமம் எதுவும் கட்டாயமில்லை. இருந்தாலும் பெரும்பாலான விளம்பரங்களில் சி.எச்.ஆர்.பி. என்ற நான்கு எழுத்தைக் கேட்பார்கள். ஒன்டாரியோவில் அதைத் தருவது எச்.ஆர்.பி.ஏ. என்ற தொழில்முறைச் சங்கம். நான் படித்தபோது அதற்கு ஒன்பது பாடம்: ஆர்கனைசேஷனல் பிஹேவியர், கணக்கும் நிதியும், அடிப்படை எச்.ஆர்., ஆள் சேர்ப்பு, பயிற்சி, சம்பள நிர்ணயம், பணியிடப் பாதுகாப்பு, மனிதவளத் திட்டமிடல், தொழிலுறவு. எந்தப் பாடத்திலும் 65 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, மொத்தச் சராசரி 70 வேண்டும். அதன் மேல் தேர்வு வேறு. 40 வயதை நெருங்கும்போது, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு ஏ.பி.ஏ. என்ற கல்விக் கட்டுரை முறையில் மேற்கோள் போடப் பழகுவது எப்படியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. கமா எங்கே, புள்ளி எங்கே என்பதற்கெல்லாம் மார்க் போனது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதி யாருக்கும் பயனில்லை.

ஆர்கனைசேஷனல் பிஹேவியர் வகுப்பில் மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் முக்கோணம் வந்தது, வேலையில் எது திருப்தி தரும் என்று ஆராய்ந்த ஹெர்ஸ்பெர்க் வந்தார், எல்லாம் பழைய நண்பர்கள்தான். ஒருநாள், நாடுகளின் பண்பாட்டை எண்களில் ஒப்பிட்ட ஹோஃப்ஸ்டெட்டின் ‘அதிகார இடைவெளி’ அட்டவணையைத் திரையில் போட்டார்கள். இந்தியா 77, கனடா 39. மேலதிகாரிக்கும் கீழே உள்ளவருக்கும் நடுவே இருக்கும் தூரத்தைச் சமூகம் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறது என்பதன் அளவு அது. வகுப்பில் பாதிப் பேர் இந்தியர்கள். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். ஆனால் எனக்கு அந்த 39 மேல் முழு நம்பிக்கை வரவில்லை. மாலையில் நான் பகுதிநேரமாகப் போய்க்கொண்டிருந்த கிடங்கில் சூப்பர்வைசரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், அவரும் சிரித்துக்கொண்டே “ஹவ் ஆர் யூ” கேட்பார். ஆனால் அடுத்த வாரம் உனக்கு ஷிப்ட் உண்டா இல்லையா என்பது அந்தச் சிரிப்பில் இருக்காது.

என்னை உண்மையில் தூக்கிவாரிப் போட்டது வேலைநீக்கப் பாடம். எங்கள் ஆலையில் ஒரு தொழிலாளியை நீக்குவதென்றால் அது ஒரு யாகம். சார்ஜ் மெமோ கொடுக்க வேண்டும், அவர் விளக்கம் தர வேண்டும், உள்விசாரணைக்கு ஒரு வக்கீலைப் பிடித்து அதிகாரியாகப் போட வேண்டும், சாட்சி, குறுக்கு விசாரணை, இரண்டாவது ஷோகாஸ், அதற்கப்புறம் ஆணை. அதிலும் எங்காவது ஓர் ஓட்டை இருந்தால் லேபர் கோர்ட்டில் பின்சம்பளத்தோடு மீண்டும் வேலையில் சேர்க்கச் சொல்லிவிடுவார்கள். இங்கே யூனியன் இல்லாத இடத்தில், காரணமே சொல்லாமல், “உங்கள் வேலை இன்றோடு முடிகிறது” என்று சொல்லலாம். காசு கொடுத்தால் போதும்.

எவ்வளவு காசு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்டாரியோ வேலைவாய்ப்புத் தரநிலைச் சட்டப்படி மூன்று மாதம் தாண்டினால் ஒரு வார முன்னறிவிப்பு, அது சர்வீஸோடு ஏறி அதிகபட்சம் எட்டு வாரம். ஐந்து வருஷ சர்வீஸ் இருந்து, கம்பெனியின் சம்பளப் பட்டியல் ஆண்டுக்கு 25 லட்சம் டாலரைத் தொட்டால், வருஷத்துக்கு ஒரு வாரச் சம்பளம் வீதம் செவரன்ஸ் என்ற பணிநீக்கத் தொகை தனி. அது 26 வாரம் வரை போகும். பெரும்பாலோர் இதோடு நிறுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதற்கு மேல் நீதிமன்றங்கள் உருவாக்கிய இன்னொரு கணக்கு இருக்கிறது. டொராண்டோ நாளிதழ் ஒன்றின் விளம்பரப் பிரிவுத் தலைவராக இருந்த பார்டல் என்பவர் தொடுத்த வழக்கில் 1960இல் வந்த தீர்ப்பு அதற்கு மூலம். வேலையின் தன்மை, சர்வீஸ், வயது, அதே மாதிரி வேலை மறுபடி கிடைக்குமா என்ற நான்கையும் பார்த்து நியாயமான முன்னறிவிப்பு எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும் என்றார் நீதிபதி. பார்டலுக்குக் கிடைத்தது ஒரு வருடம். வேலையில் சேரும்போது நீட்டும் ஒப்பந்தத்தில் ‘சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் மட்டுமே’ என்று ஒரு வரி இருந்தால், அந்த வரி செல்லுபடியாகும் பட்சத்தில், இதெல்லாம் போய்விடும். அதனால்தான் இங்கே ஆஃபர் லெட்டரைக் கையில் வாங்கியதும் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அந்தப் பத்தியைத் தேடுகிறேன். வங்கி, விமானம், தொலைத்தொடர்பு மாதிரி மத்திய அரசின் கீழ் வரும் துறைகளில் சட்டம் வேறு. ஒரு வருஷம் முடித்தவர் மேலாளராக இல்லாவிட்டால், நியாயமற்ற நீக்கம் என்று மனுப் போட்டு வேலையையே திரும்பக் கேட்கலாம். அதைப் படித்தபோதுதான் எனக்கு ஊர் ஞாபகமே வந்தது.

தொழிலுறவுப் பாடம் வேறு மாதிரி. “ஒரே மில்லில் ஐந்து யூனியனா?” என்று பேராசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். தொ.மு.ச., அண்ணா தொழிற்சங்கம், ஏ.ஐ.டி.யூ.சி., சி.ஐ.டி.யூ., எச்.எம்.எஸ். என்று நான் வரிசையாகச் சொன்னேன். ஐந்து பேரையும் லேபர் ஆபீசர் முன்னால் உட்கார வைத்து 12(3) என்ற சமரச ஒப்பந்தம் போடுவதற்குள் விடிந்துவிடும் என்றேன். ஒன்டாரியோவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. குறைந்தது 40 சதவீதம் பேர் சங்க உறுப்பினர் அட்டையில் கையெழுத்துப் போட்டால் தொழிலுறவு வாரியம் வாக்கெடுப்பு நடத்தும். பெரும்பான்மை கிடைத்த ஒரே சங்கம்தான் அந்தப் பிரிவில் உள்ள எல்லோருக்கும் பிரதிநிதி. சங்கத்தில் சேராதவர் சம்பளத்திலிருந்தும் சந்தா பிடித்துவிடலாம். 1945இல் விண்ட்சர் ஃபோர்டு ஆலையில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தைத் தீர்த்துவைக்க வந்த நீதிபதி ஐவன் ராண்ட் 1946இல் போட்ட வழி அது. இன்றைக்கும் ராண்ட் ஃபார்முலா என்றுதான் பெயர். ஒப்பந்தக் காலம் முடியும் வரை வேலைநிறுத்தம் கிடையாது. முடிந்த பிறகும், சமரச முயற்சி தோற்று இனி சமரச வாரியம் அமைக்கப்போவதில்லை என்று அமைச்சகம் ‘நோ போர்டு’ அறிக்கை கொடுத்து, அதன் பின் 17ஆவது நாளில்தான் இறங்க முடியும். காலையில் மிஷினை நிறுத்திவிட்டு கேட் முன்னால் உட்கார்ந்துவிடும் கதையே இல்லை. இதில் எது நல்லது என்று கேட்டால், நிர்வாகப் பக்கம் உட்கார்ந்தவளுக்கு இங்குள்ளது நிம்மதி. தொழிலாளிக்கு அந்தக் காலைநேர கேட்டும் ஓர் ஆயுதம்தான்.

பேச்சுவார்த்தை ஒத்திகையில் என்னை யூனியன் பக்கம் போட்டார்கள். கூட்டணியில் ஒரு நைஜீரியப் பெண், இரண்டு பஞ்சாபிப் பையன்கள், ஒரு பிலிப்பினோ அம்மா. நிர்வாகத் தரப்பில் உட்கார்ந்த மாணவர்கள் 2 சதவீதம்தான் தர முடியும் என்றார்கள். “பணம் இல்லை என்றால் கணக்கைக் காட்டுங்க” என்று நான் ஆரம்பித்தேன். பத்து வருஷமாக எதிரே உட்கார்ந்து கேட்ட வசனம் அது. பிலிப்பினோ அம்மா மேஜைக்கடியில் என் கையைத் தட்டினார். அன்றைக்கு மட்டும்தான் குழு வேலை எனக்குப் பிடித்தது. மற்ற நாட்களில் ஒருவர் எழுத, நால்வர் பெயர் போட, வாட்ஸப்பில் ‘ஓகே’ மட்டும் வந்துகொண்டிருக்கும்.

பாடம் கைக்கு உதவியது கிடங்கில்தான். அங்கே என் பக்கத்து மேஜையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், முப்பது வருஷத்துக்கு முன்பே வந்தவர். கிடங்குக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலமாக வேலைக்கு வந்த ஆள். ஒரு மாலை கனமான பெட்டி சரிந்து மணிக்கட்டில் விழுந்து வீங்கிவிட்டது. வந்த சூப்பர்வைசர், ஐஸ் வைத்துவிட்டு இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள், சிக் லீவாகப் போட்டுவிடலாம் என்றார். அக்காவும் தலையாட்டிவிட்டார். பஸ் ஸ்டாப்பில் நான் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற பணியிடக் காய இழப்பீட்டு வாரியம் பற்றிச் சொன்னேன். “உதுக்கெல்லாம் போனா பிறகு ஷிப்ட் தரமாட்டாங்கள் தங்கச்சி” என்றார்.

அந்த வாரம்தான் பாதுகாப்புப் பாடத்தில் அதைப் படித்திருந்தோம். 1913இல் வில்லியம் மெரிடித் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்த ஏற்பாடு. வேலையிடத்தில் அடிபட்ட தொழிலாளி முதலாளி மேல் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார், பதிலுக்கு யார் தவறு என்று பார்க்காமல் இழப்பீடு கிடைக்கிறது. பிரீமியம் முழுவதும் முதலாளிகள் கட்டுவது, தொழிலாளி சம்பளத்திலிருந்து ஒரு சென்ட் பிடிப்பதில்லை. நம் இ.எஸ்.ஐ. மாதிரி கொஞ்சம் பிடித்தம் இருக்கும் என்றே அக்கா நினைத்துக்கொண்டிருந்தார். மருத்துவம் தேவைப்பட்ட காயம் என்று தெரிந்த மூன்று வேலைநாளுக்குள் முதலாளி படிவம் 7 அனுப்ப வேண்டும். ஏஜென்சி ஆளுக்கு முதலாளி ஏஜென்சிதான், கிடங்கு அல்ல. முதலாளி அனுப்பாவிட்டாலும் தொழிலாளி படிவம் 6ஐத் தானே போடலாம், ஆறு மாதம் அவகாசம் உண்டு. போடாதே என்று தடுப்பதோ மிரட்டுவதோ குற்றம். சனிக்கிழமை அவர் வீட்டுச் சமையல்கட்டில் என் லேப்டாப்பை வைத்து படிவம் 6ஐ நிரப்பினோம். அவர் தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். பெட்டியின் எடை, நேரம், யாரிடம் சொன்னார், அவர் என்ன பதில் சொன்னார், எல்லாம். “இவ்வளவும் எழுத வேணுமோ?” என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். ஆம், இங்கே எழுதாதது நடக்கவில்லை என்று அர்த்தம். கோரிக்கை ஏற்கப்பட்டது. பிசியோதெரபி செலவும் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தில் பெரும்பகுதியும் வந்தன. ஷிப்ட்? சில வாரம் குறைந்தது, அப்புறம் சரியானது. ஏன் குறைந்தது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

படிப்பு முடிந்து இப்போது ஒரு உணவுப் பதனிடும் நிறுவனத்தில் எச்.ஆர். அசிஸ்டென்டாக இருக்கிறேன். வெல்ஃபேர் ஆபீசராக இருந்தவளுக்கு இது இரண்டு படி கீழே. சி.எச்.ஆர்.பி. தேர்வு இன்னும் பாக்கி.

ஊரிலிருந்து தங்கைகள், நண்பர்களின் பிள்ளைகள் கேட்கிறார்கள், நாங்களும் இதே கோர்ஸுக்கு ஸ்டூடண்ட் விசாவில் வரலாமா என்று. என் பதில், வேண்டாம். நான் பி.ஆரில் வந்ததால் உள்ளூர்க் கட்டணம் கட்டினேன், படித்தபின் வேலை அனுமதிக்காக நிற்கவில்லை. 2024 நவம்பர் 1க்குப் பிறகு படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்கள் கல்லூரியில் டிப்ளமோ, சான்றிதழ் படித்தால், பற்றாக்குறைத் துறைகளின் பட்டியலில் அந்தப் படிப்பு இருந்தால்தான் பட்டப்பின் வேலை அனுமதி. எச்.ஆரும் பிசினஸ் மேனேஜ்மென்டும் அதில் இல்லை. பல்கலைக்கழகத்தில் இளங்கலையோ முதுகலையோ படித்தால் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதற்கு ஆகும் செலவை ஒருமுறை உட்கார்ந்து ரூபாயில் போட்டுப் பாருங்கள். ஏஜென்ட் போட்டுக் காட்டும் கணக்கில் இந்த வரி இருக்காது. ஏற்கெனவே பி.ஆரோடு வந்து, ஊரில் நம் மாதிரி வேலை பார்த்தவர்கள் என்றால் ஒன்பது பாடத்தையும் ஒரே மூச்சில் எடுக்காமல், மாலை வகுப்பில் ஒவ்வொன்றாக எடுங்கள். சம்பள வேலையை விட வேண்டியதில்லை. முதலில் தொழிலுறவும் பணியிடப் பாதுகாப்பும். மாஸ்லோ எங்கேயும் ஓடிப்போக மாட்டார்.