பூட்டிய கதவுகள்

யாருடைய பக்தி மீதும் எனக்குக் கோபம் இல்லை. அதை ஓட்டாக மாற்றத் துடிப்பவர்கள் மீதுதான் கோபம். சகிப்புத்தன்மையை ஆட்சியாளர் போடும் பிச்சையாக்கினால், அடுத்து வருபவர் பறித்துக்கொள்வார்.

1598இல் பிரான்சு மன்னர் நான்காம் ஹென்றி, நான்ட் ஆணை மூலம் புராட்டஸ்டண்டு மக்களுக்கு வழிபாட்டு உரிமை தந்தார். 1685இல் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தார். அவர்களுடைய தேவாலயங்களை இடிக்க உத்தரவிட்டார். கத்தோலிக்கராக மாற மறுத்த போதகர்கள் இரண்டு வாரத்தில் வெளியேற வேண்டும். மற்றவர்கள் வெளியேறவே கூடாது! தப்பியோடிப் பிடிபட்ட ஆண்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை. அப்படியும் பட்டு நெசவாளர்கள் தறியை விட்டுவிட்டு, தொழிலை மட்டும் கைகளில் சுமந்து லண்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

87 ஆண்டுகள் அவர்களோடு அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த கத்தோலிக்கர்கள், மறுநாள் காலையில் அவர்கள் விட்டுப்போன வீட்டின் பூட்டிய கதவைப் பார்த்து என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்?